முயலின் முதல் ஈற்றில் அவசரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியசில் வீட்டுக் கொல்லையில் முயல் வளர்ப்போர் பலர் பருவமடைந்த முயலை இனவிருத்திக்கு ஏற்ற முயல் என்றே எண்ணிவிடுகின்றனர். சிறிய இனங்கள் 4 மாத அளவிலேயே இணைசேரும் ஆற்றலைப் பெற்றுவிடுகின்றன; ஆனால் அந்த வயதில் அவற்றின் எலும்பும் தசையும் வளர்ச்சியை முடித்திருப்பதில்லை. அப்போதே சினைப்பட்டால், உண்ணும் தீவனத்தைத் தாயின் வளர்ச்சியும் வயிற்றுக் குட்டிகளும் பங்குபோட்டுக்கொள்ள, இரண்டும் குன்றிப்போகின்றன.

தொடக்கத்தில் நான் வளர்த்த நியூசிலாந்து வெள்ளை முயல் ஒன்றை, நாலரை மாதத்தில், எடை இரண்டேகால் கிலோவைக்கூட எட்டாத நிலையில், ஆண் முயலிடம் விட்டேன். 31ஆம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது, ஈனும் பெட்டியில் வைத்திருந்த உலர்புல் கலையாமல் அப்படியே இருந்தது. ஐந்து குட்டிகளும் கூண்டின் கம்பி வலைமீது, ஒவ்வொன்றும் ஓரிடமாக, விறைத்துக் கிடந்தன. தாய் தன் மயிரைப் பிடுங்கி மெத்தை அமைத்திருக்கவே இல்லை. வயது நிரம்பிய முயலுக்கும் முதல் ஈற்றில் இப்படி நேர்வதுண்டு என்று பிறர் ஆறுதல் சொன்னார்கள். எடை பார்க்காமல் விட்டது என் பிழைதான்.

பெண் முயலைச் சேர்க்க, சிறிய இனத்துக்கு 5 மாதம், நடுத்தர இனத்துக்கு 6 மாதம், பெரிய இனத்துக்கு 8 முதல் 9 மாதம் என்பது பொதுவான கணக்கு. ஆண் முயலுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் கூட்டிக்கொள்ளலாம். ஆயினும் நாள்காட்டியைவிடத் தராசையே நான் நம்புகிறேன். முழு வளர்ச்சியில் நாலரை கிலோ எட்டும் இனமாயின், மூன்றரை கிலோவையாவது தொடும்வரை காத்திருப்பது நல்லது. காத்திருக்கும் காலத்தில் அடர்தீவனத்தை அள்ளிக் கொட்டுவதும் தவறே. கொழுத்த முயல் எளிதில் சினை பிடிக்காது, பிடித்தாலும் ஈனுவதற்குத் திணறும். இங்கே நாம் அக்காசியா என்று அழைக்கும் சவுண்டல் தழையையே நாள்தோறும் போடுவோரும் உள்ளனர். அதிலுள்ள மிமோசின் என்னும் பொருள் மிகுந்தால் மயிர் உதிரும். ஆகவே பிற புல்லோடு சிறிதளவே கலக்க வேண்டும்.

பால்மறந்த குட்டிகளை ஒரே கூண்டில் விட்டுவைப்பது, நாம் அறியாமலே இளவயதுச் சினைக்கு வழிவிடும். 10 முதல் 12 வாரத்துக்குள் ஆண், பெண் பிரித்தாக வேண்டும். குட்டியை மல்லாத்திப் பிறப்புறுப்பின் இருபுறமும் மெல்ல அழுத்தினால், வட்டத் துளையுடன் குழல்போல் வெளிவருவது ஆண். நீண்ட பிளவாகத் தெரிவது பெண். மிகச் சிறு குட்டியில் கண் ஏமாறும் என்பதால், இரு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். இணைசேர்ந்த பின்னரே, சுமார் 10 மணி நேரத்தில், முயலுக்குக் கருமுட்டை வெளிப்படும் என்பதால், பருவமடைந்தவை சில நிமிடம் ஒன்றாக இருந்தாலே போதும்.

கோடையில் போர்ட் லூயிஸ் போன்ற தாழ்ந்த, வெப்பமான பகுதிகளில், முதல்முறை விடப்பட்ட இளம் ஆண் முயலை மலடு என்று தள்ளிவிடுவதும் வழக்கம். வெப்பம் 30 பாகைக்கு மேல் நீடித்தால் விந்தின் தரம் கெடும். புதிய விந்தணு உருவாக ஏறத்தாழ 7 வாரம் ஆவதால், வெயில் தணிந்த பின்னும் பாதிப்பு தொடரும். மேட்டுநிலமான கியூர்பிப்பில் இத்தொல்லை குறைவு.

ஈன்ற நாளிலேயே முயல் மீண்டும் சினைப்பட முடியும். அதை நம்பி, பால் கொடுக்கும் இளந்தாயை உடனே ஆண் முயலிடம் விடக் கூடாது. குட்டிகளைப் பிரித்த பின் தாயை எடைபோட்டு, முதல் சேர்க்கைக்கு முன்பிருந்த எடைக்குத் திரும்பியிருந்தால் மட்டுமே அடுத்த ஈற்றைப் பற்றி யோசிக்க வேண்டும்.