விடுதியில சொறி சிரங்கு வந்தா: எல்லாருக்கும் ஒரே ராத்திரி மருந்து

பல்லடம் பக்கம் நூல் மில் விடுதியில வார்டனா இருக்கேனுங்க. புதுசா வர்ற வார்டன் அம்மிணிகளுக்குச் சொல்றதை எழுதறேன்.

"அக்கா, பொழுது சாஞ்சா அரிப்பு தாங்கலீங்க"ன்னு ஒரு புள்ளை வந்தா, விரலை விரிக்கச் சொல்லிப் பாருங்க. விரலிடுக்கு, மணிக்கட்டு, அப்புறம் பாவாடை நாடா இறுக்குற இடம். பொடிப்பொடியா கொப்புளத்தோட மயிரிழை மாதிரி நெளிஞ்ச கோடு ஒண்ணு தெரியும். சிரங்கை உண்டாக்குற பொடிப் பூச்சியில பெண் பூச்சி தோலைக் குடைஞ்சு முட்டை வெச்சுக்கிட்டே போற வழி அது. மில்லுல எல்லாரும் பஞ்சுத்தூசி அலர்ஜிம்பாங்க. தூசி அலர்ஜி பக்கத்துப் பாய்க்காரிக்குத் தொத்தாதுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டி உறுதி பண்ணிக்குங்க.

முதல் தடவை தொத்தினா அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகும். பொங்கல் லீவுல வீட்டுல ஒரே பாயில படுத்து வாங்கிட்டு வந்தவ மாசியிலதான் சொறிவா. அதுக்குள்ள கூடப் படுத்தவளுக்கும் போயிருக்கும். அதனால யாருக்கு அரிக்குதுன்னு கணக்கெடுக்காதீங்க, யாரோட யார் படுத்தாங்கன்னு எடுங்க. பகல் ஷிப்டுக்காரி எந்திரிச்ச பாயிலேயே நைட் ஷிப்டுக்காரி படுக்கிற அறையா இருந்தா, ரெண்டு பேரும் அந்தக் கணக்குல வரணும்.

டாக்டர் எழுதித் தர்ற பெர்மெத்ரின் 5 சதவீத கிரீமை, வாராந்திர லீவுக்கு முந்தின ராத்திரி, அறையில அத்தனை பேரும் தடவணும். அரிப்பே இல்லாதவளும்தான். கழுத்துல இருந்து உள்ளங்கால் வரைக்கும், தொப்புள், நகக்கண் எதையும் விடாம. 8 முதல் 14 மணி நேரம் உடம்புல இருக்கணும். நடுவுல கை கழுவினா கையில மறுபடி பூசணும். ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. கர்ப்பிணி, கைக்குழந்தைக்காரி இருந்தா முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிருங்க.

மறுநாள் காலையில துணிமணி, தலகாணி உறையை வெந்நீர்ல அலசி வெயில்ல போடுங்க. துவைக்க முடியாத கம்பளியைப் பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வெச்சாப் போதும். ஆளை விட்டு வந்த பூச்சி ரெண்டு மூணு நாளுக்கு மேல பெரும்பாலும் தாங்காது.

பூச்சி செத்த பின்னாலும் ரெண்டு முதல் நாலு வாரம் அரிக்கலாம். அதுக்குப் பயந்து தினமும் கிரீம் பூச விடாதீங்க. மெடிக்கல்ல சீட்டில்லாமக் குடுக்கிற ஸ்டீராய்டு கலந்த களிம்பும் வேண்டாம். அரிப்பு அடங்கும், பூச்சி பெருகும்.

ஊருக்கும் போன் போடச் சொல்லுங்க. அங்கே அம்மாவும் தங்கச்சியும் அதே வாரம் மருந்து தடவலேன்னா, அடுத்த லீவு முடிஞ்சு வரும்போது பூச்சியை மறுபடி கூட்டிட்டு வருவா.