பல்கோணிக் கோணங்கள்: புள்ளி குறைகிற இடங்கள்

சாதாரண தரக் கணிதத்தில் பல்கோணிக் கேள்வி வந்தால் அதைக் கைவிடவே கூடாது. அதற்குத் தேவையான சூத்திரங்கள் கொஞ்சம்தான். ஆனாலும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தும்போது அதே பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சூத்திரம் பாடமாக இருக்கிறது, புறக்கோணம் எது என்பதில்தான் தடுமாற்றம்.

ஒழுங்கான, அதாவது பக்கங்களும் கோணங்களும் எல்லாம் சமமான அறுகோணியின் அகக்கோணம் (உருவத்துக்கு உள்ளே இருக்கும் கோணம்) 120°. புறக்கோணம் கேட்டால் பலர் 360இலிருந்து 120ஐக் கழித்து 240° என்று எழுதுகிறார்கள். உருவத்துக்கு வெளியே தெரிகிற கோணம் முழுவதும் புறக்கோணம் என்று நினைப்பதால் வருகிற பிழை இது. ஒரு பக்கத்தை உச்சியைத் தாண்டி நீட்டுங்கள். நீட்டிய கோட்டுக்கும் அடுத்த பக்கத்துக்கும் இடையில் இருப்பதுதான் புறக்கோணம். அதுவும் அகக்கோணமும் ஒரே நேர்கோட்டின் மேல் அமைவதால் இரண்டும் சேர்ந்து 180°. ஆக விடை 60°.

தேயிலை மலை ஒன்றின் எல்லையைச் சுற்றி நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூலைக்கு வந்ததும் நேரே போகாமல் உடம்பைத் திருப்புகிறீர்களே, அந்தத் திருப்பம்தான் புறக்கோணம். எத்தனை மூலை இருந்தாலும் சரி, புறப்பட்ட இடத்துக்கு வந்து முதலில் பார்த்த திசையையே பார்த்து நிற்கும்போது ஒரு முழுச் சுற்றுத் திரும்பியிருப்பீர்கள். அதனால்தான் புறக்கோணங்களின் கூட்டுத்தொகை முக்கோணிக்கும் 360°, இருபது பக்கம் உள்ள பல்கோணிக்கும் 360°. பக்கம் கூடக் கூட ஏறுவது அகக்கோணங்களின் கூட்டுத்தொகைதான். ஒவ்வொரு உச்சியிலும் இரண்டு பக்கங்களையும் நீட்டி, கிடைக்கிற இரண்டு கோணங்களையும் கூட்டினால் 720° வந்துவிடும். உச்சிக்கு ஒன்று போதும்.

இது பிடிபட்டுவிட்டால் ஒழுங்கான பல்கோணிக் கணக்கைப் புறக்கோணத்திலிருந்தே தொடங்கலாம். கண்டி தலதா மாளிகையில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்து எண்கோண மண்டபம் இருக்கிறது அல்லவா? அதன் தளத்தை ஒழுங்கான எண்கோணியாக எடுத்துக்கொண்டால், 360ஐ 8ஆல் வகுக்கப் புறக்கோணம் 45°, அகக்கோணம் 135°. இரண்டே வரி.

பக்கங்களின் எண்ணிக்கையைக் கேட்கும் கேள்வியில்தான் அவசரம் காட்டிக்கொடுக்கும். அகக்கோணம் 140° என்று தந்தால் 360ஐ 140ஆல் வகுக்கக் கூடாது. முதலில் புறக்கோணம் 40°, அப்புறம் 360ஐ 40ஆல் வகுக்க 9 பக்கம். வகுத்து வருவது முழு எண்ணாக இருக்க வேண்டும். அகக்கோணம் 130° என்றால் 7.2 வரும், அப்படி ஓர் ஒழுங்கான பல்கோணியே கிடையாது.

அகக்கோணங்களின் கூட்டுத்தொகைக்கு, பக்கங்களின் எண்ணிக்கையிலிருந்து 2ஐக் கழித்து 180ஆல் பெருக்குகிறோம். அந்த 2ஐ மறப்பவர்கள் ஓர் உச்சியிலிருந்து மூலைவிட்டங்களை வரைந்து பார்க்கட்டும்: அறுகோணிக்குள் 4 முக்கோணிகள்தான் வரும், 720°. நடுவில் புள்ளி வைத்துப் பிரித்தால் 6 முக்கோணிகள் வரும். அப்போது நடுப்புள்ளியைச் சுற்றியுள்ள 360°ஐக் கழித்தாக வேண்டும்.

‘ஒழுங்கான’ என்று கேள்வியில் இல்லாவிட்டால் கூட்டுத்தொகையைச் சமமாகப் பங்கிடாதீர்கள். ஐங்கோணியின் நான்கு கோணங்கள் 100°, 110°, 120°, 90° என்றால் ஐந்தாவது 540 − 420 = 120°. பழக்கத்தில் 108° எழுதினால் புள்ளி போய்விடும். பக்கங்கள் சமம் என்பது மட்டும் போதாது: சாய்சதுரத்தின் பக்கங்கள் சமம், கோணங்கள் எல்லாம் சமமாக இருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, உள்நோக்கி மடிந்த உருவம். அம்புத்தலை போன்ற ஒரு நாற்பக்கலில் மூன்று கோணங்கள் 30°, 40°, 30° என்றால் மடிப்பில் பாகைமானி வைத்து 100° என்று எழுதுவது வழக்கமான பிழை. அந்த 100° உருவத்துக்கு வெளியே இருக்கிறது. அகக்கோணம் 260° என்ற பின்வளைகோணம் (180°ஐ விடப் பெரிய கோணம்), அப்போதுதான் மொத்தம் 360° வரும். எல்லையில் நடக்கிறவர் அந்த மூலையில் எதிர்ப்பக்கமாகத் திரும்புகிறார். அதனால் அங்கே புறக்கோணம் 180 − 260 = −80°. மற்ற மூன்றும் 150°, 140°, 150°, சேர்த்தால் 440°. அதில் 80 போக மீதி 360°.