அந்தப் பிரிண்ட் ஈரம் தாங்குமா? விரலை வைத்தே கண்டுபிடிக்கலாம்

பாம்பன், மண்டபம் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் படகுப் பதிவுச் சான்று, ஆதார் நகல் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் படகிலேயே வைத்திருப்பார்கள். எந்தப் பிரிண்டரில் எடுத்தது என்பதைப் பொறுத்தே அந்த நகல் நிலைக்கும்.

படி 1: வேண்டாத ஒரு பிரதியை எடுத்து, ஈர விரலை எழுத்தின் மேல் ஐந்து விநாடி அழுத்தி இழுங்கள். மை விரலோடு இழுபட்டு வந்தால் அது இங்க்ஜெட், அதிலும் தண்ணீரில் கரையும் சாய மை. நனைந்தால் போச்சு. அசையவில்லை என்றால் லேசராக இருக்கலாம், தண்ணீரில் கரையாத நிறமி மை ஊற்றிய இங்க்ஜெட்டாகவும் இருக்கலாம். தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். லேசர் எழுத்து லேசாக மினுங்கும். லேசரில் போடும் டோனர் மையே அல்ல, நிறம் சேர்த்த பிளாஸ்டிக் தூள். சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகித் தாளில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது.

படி 2: படகுக்கு லேசர் நகலே எடுங்கள். ஆனால் மடிக்காதீர்கள், மடிப்பில் டோனர் உதிரும். வளவளப்பான பிவிசி கவரில் வெயில் பட்டால் எழுத்து கவரோடு ஒட்டி உரிந்து வந்துவிடும். எழுத்துப் பக்கம் ஒரு வெள்ளைத்தாள் வையுங்கள். லேமினேஷன் செய்தால் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஓரம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். தாளை ஒட்டி வெட்டினால் ஓரம் வழியே ஈரம் ஏறிவிடும்.

படி 3: டீசல் பில்லின் வெற்றிடத்தை நகத்தால் அழுத்திக் கீறுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் தெர்மல் தாள். இதில் மையே கிடையாது, சூடு பட்ட இடம் கறுக்கும், அவ்வளவுதான். லேமினேஷன் மெஷினில் விட்டால் முழுத்தாளும் கறுத்துவிடும். வெயிலில் கிடந்தால் எழுத்து வெளுக்கும். கணக்குக்கு வேண்டும் என்றால் அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

கார்பன் பிரதியோடு பில் போட டாட் மேட்ரிக்ஸ்தான் வழி. ஊசி அடித்துப் பதிப்பது அது ஒன்றே.

வீட்டில் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு: வாடைக் காலத்தில் பிரித்த தாள் கட்டைத் திறந்தே போடாதீர்கள். ஈரம் குடித்த தாள் லேசரில் சுருண்டு சிக்கும், டோனரும் சரியாக ஒட்டாது. தேய்த்தால் எழுத்து உதிர்கிறதா? புதுத் தாள் போட்டுப் பாருங்கள். அப்போதும் உதிர்ந்தால் தாள் வகையைத் 'தடித்த தாள்' என்று மாற்றுங்கள், சூடு கூடும். இங்க்ஜெட்டில் வாரம் ஒரு கலர் பக்கம் எடுங்கள். நிறுத்தும்போது பிரிண்டரின் பட்டனை அழுத்தி நிறுத்த வேண்டும். சுவர் ஸ்விட்சை அணைத்தால் மை தெளிக்கும் ஹெட் மூடிக்குள் போகாது, மை காய்ந்து துளை அடைத்துக்கொள்ளும்.