திரையில் தெரியும் ஆஃப்செட்டை நம்பாதீர்கள்: கருவிகளின் கடிகாரங்களை நெட்வொர்க்கில் ஒத்திசைக்கும்போது வரும் தவறுகள்

எங்கள் ஆய்வகத்தில், சிக்னலை எண்களாகப் பதியும் இரண்டு டிஜிட்டைசர்கள் ஒரே சுவிட்சில் இணைந்து, ஒரே மாஸ்டர் கடிகாரத்திடம் பிடிபி (நெட்வொர்க் வழியே கடிகாரங்களைத் துல்லியமாக ஒத்திசைக்கும் நெறிமுறை) வழியாக நேரம் வாங்கிக்கொண்டிருந்தன. இரண்டின் திரையிலும் ஆஃப்செட், அதாவது மாஸ்டரிலிருந்து விலகல், 200 நானோநொடிக்குள் நின்றது. சரி என்று அளவீட்டைத் தொடங்கிவிட்டோம். இரண்டு நாள் கழித்துச் சந்தேகம் வந்தது. ஒரே பல்ஸை டி கனெக்டரில் பிரித்து, சம நீளமுள்ள இரண்டு பிஎன்சி கேபிள்களில் இரண்டுக்கும் கொடுத்தோம். பல்ஸ் ஏறும் அதே விளிம்புக்கு இரண்டும் போட்ட நேரம் 3 மைக்ரோநொடிக்கும் சற்று அதிகமாக வேறுபட்டது. எத்தனை முறை பார்த்தாலும் அதே அளவுதான்.

திரையில் தெரியும் ஆஃப்செட் என்பது கருவி தானே போட்டுக்கொண்ட கணக்கு. ஐஈஈஈ 1588 தரநிலைப்படி இயங்கும் பிடிபி, மாஸ்டரிடமிருந்து செய்தி வர ஆகும் நேரமும் பதில் திரும்பிப் போக ஆகும் நேரமும் சமம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கிடுகிறது. அவை சமமாக இல்லையென்றால், வித்தியாசத்தில் பாதி அப்படியே கடிகாரப் பிழையாக உட்கார்ந்துவிடும். கருவிக்கு அது தெரியவே தெரியாது.

எங்களுக்கு நடந்ததும் அதுதான். மாஸ்டரின் போர்ட் 1 ஜிகாபிட், பழைய டிஜிட்டைசரின் போர்ட் 100 மெகாபிட், நடுவில் சாதாரண சுவிட்ச். அது பாக்கெட்டை முழுதாக வாங்கிய பிறகுதான் அடுத்த பக்கம் அனுப்பும். யுடிபி வழியாகப் போகும் ஒரு சிங்க் செய்தி (மாஸ்டர் அனுப்பும் நேரச்செய்தி), ஈதர்நெட் சட்டத்தோடு சேர்த்து 90 பைட். ஜிகாபிட் பக்கத்திலிருந்து அதை வாங்கி முடிக்க 0.72 மைக்ரோநொடி போதும். திரும்பி வரும் செய்தியை 100 மெகாபிட் பக்கத்திலிருந்து வாங்க 7.2 மைக்ரோநொடி ஆகும். வித்தியாசம் ஏறக்குறைய 6.5, அதில் பாதி 3.2. பல்ஸைப் பிரித்துக் கொடுத்தபோது நாங்கள் பார்த்த எண்ணும் அதுவே.

சாதாரண சுவிட்சில் இன்னொரு தொல்லையும் உண்டு. யாரோ பெரிய கோப்பை நகலெடுக்கிறார் என்று வையுங்கள். 100 மெகாபிட் போர்ட்டில் 1500 பைட் பாக்கெட் ஒன்று முன்னால் நின்றாலே நேரச்செய்தி 120 மைக்ரோநொடி காத்திருக்க வேண்டும். நானோநொடி அளவில் வேலை என்றால் பவுண்டரி கிளாக் (தானே நேரம் வாங்கி அடுத்த பக்கம் கொடுப்பது) அல்லது டிரான்ஸ்பரண்ட் கிளாக் (செய்தி தனக்குள் காத்திருந்த நேரத்தைக் கணக்கில் சேர்ப்பது) வசதியுள்ள சுவிட்ச் வேண்டும். அதில் செலவைக் குறைத்துவிட்டு விலையுயர்ந்த கருவி வாங்குவதில் அர்த்தமில்லை. கருவியின் நெட்வொர்க் சிப்பே நேரமுத்திரை (செய்தி வந்த, போன நேரக் குறிப்பு) போடுகிறதா என்றும் பாருங்கள். மென்பொருள் போடும் முத்திரையில் இயங்குதளத்தின் தாமதமும் சேர்ந்து பிழை மைக்ரோநொடிகளில் எகிறும். லாக் கோப்பில் எது முன், எது பின் என்று தெரிந்தால் போதும் என்றால் என்டிபி என்ற, துல்லியம் குறைந்த நேர நெறிமுறையே தாராளம். உள் நெட்வொர்க்கில் மில்லிநொடி அளவுக்கு அது வரும்.

அடுத்தது, மாஸ்டர் யார் என்பதைத் தற்செயலுக்கு விடுவது. ஜிபிஎஸ் இணைந்த கடிகாரம் இல்லாத ஆய்வகத்தில், எல்லாக் கருவிகளும் முன்னுரிமை எண் 128 என்ற தொழிற்சாலை அமைப்போடு ஒரே தரத்தில் நின்றால், கடைசியில் அடையாள எண் சிறியதாக உள்ளதே மாஸ்டர் ஆகும். அது வழக்கமாக மேக் முகவரியிலிருந்து வருவது, கடிகாரத்தின் தரத்தோடு சம்பந்தமே இல்லாதது. நல்ல படிக அலையியற்றி உள்ள கருவிக்கு முன்னுரிமை எண்ணை நீங்களே குறைத்து வையுங்கள். குறைந்த எண்ணுக்கே முதலிடம்.

இரண்டு கருவிகளின் பதிவுகள் சரியாக 37 நொடி விலகினால் குழம்ப வேண்டாம். பிடிபி வழக்கமாகச் சுமப்பது டிஏஐ (லீப் நொடி சேர்க்காத அணுக்கடிகார) நேரம். 2017 ஜனவரி 1 முதல் யுடிசி (நாம் புழங்கும் உலகப் பொது நேரம்) அதைவிட 37 நொடி பின்தங்கியிருக்கிறது. ஒரு கருவி அதைக் கழித்துக் காட்டுகிறது, மற்றது அப்படியே காட்டுகிறது, அவ்வளவுதான். 18 நொடி என்றால் யாரோ ஜிபிஎஸ் நேரத்தையே யுடிசி என்று எடுத்துக்கொண்டார்கள்.

கருவிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லையென்றால் டொமைன் எண் (பிடிபி குழுவின் எண்) ஒன்றா, தாமத அளவீட்டு முறை ஒன்றா, ஃபயர்வாலில் யுடிபி 319, 320 திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஐஈஈஈ 1588-இன் 2002 பதிப்பில் இயங்கும் பழைய கருவி 2008 பதிப்போடு பேசாது.

அப்புறம், கடிகாரம் ஒத்துப்போனால் சாம்பிளிங்கும் (சிக்னலை அளந்தெடுக்கும் கணங்களும்) ஒத்துப்போகும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லாக் கருவிகளிலும் பிடிபி நேரம் சாம்பிளிங் கடிகாரத்தை இழுத்துப் பிடிப்பதில்லை. தொடக்கம் மட்டும் ஒரே நொடியில் நடந்து, சாம்பிளிங் கடிகாரங்கள் பத்து லட்சத்தில் ஒரு பங்கு விலகி ஓடினால், நொடிக்கு 10 லட்சம் சாம்பிள் எடுக்கும் கருவியில் நொடிக்கு ஒரு சாம்பிள் தள்ளிப்போகும். ஒரு மணி நேரப் பதிவில் அது 3600 சாம்பிள். இங்கே எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ் கேபிளை இழுப்பதே பத்திரம். கருவிகள் தொலைவில் இருந்தால் கையேட்டில் சாம்பிளிங் கடிகாரம் பிடிபியோடு பூட்டப்படுகிறதா என்று தேடிப் படியுங்கள்.

சோதனைக்கு, கருவியில் நொடிக்கொரு பல்ஸ் வெளியீடு இருந்தால் இரண்டையும் அலைக்காட்டியின் இரண்டு சேனல்களில் போடுங்கள். இல்லையென்றால் நாங்கள் செய்ததுபோல ஒரே பல்ஸைப் பிரித்துக் கொடுங்கள். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்துவிடாமல் ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். மாலையில் ஏசியை அணைத்ததும் படிகத்தின் அதிர்வெண் நகர்வதும், நள்ளிரவில் பேக்கப் ஓடும்போது விலகல் துள்ளுவதும் காலையில் வரைபடத்தில் தெரியும்.