ஓ.பி. மேசையில் மருத்துவ ஆப்: எதில் தேடுவது, எதைத் திருத்திக்கொள்வது

ஆப்பைத் திறப்பதற்கு முன் கேள்வியை ஒரே வரியாக்கிக்கொள்ளுங்கள். "டயாபட்டிஸ்" என்று தட்டினால் ஒரு பாடப்புத்தகமே வந்து நிற்கும். வெளியே ஐம்பது பேர் ஓ.பி. சீட்டோடு காத்திருக்கும்போது அதைப் படிக்க முடியாது. "ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 38, ஏற்கெனவே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 2000 மி.கி. சாப்பிடுகிறார், அப்படியே தொடரலாமா?" என்பதுதான் கேள்வி. இதற்கு மருந்துப் பக்கத்தில் சிறுநீரகப் பகுதியை மட்டும் திறந்தால் போதும். 45-க்குக் கீழே இறங்கிவிட்டால் நாளுக்கு 1000 மி.கி.க்கு மேல் வேண்டாம், 30-க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். அரை நிமிடத்தில் முடிகிற வேலை.

எந்த ஆப் என்பதைக் கேள்விதான் தீர்மானிக்கும். டோஸ், மருந்துகள் ஒன்றோடொன்று மோதுகிறதா, ஸ்கோர் கணக்கு, அடுத்து என்ன செய்வது, அதற்கு ஆதாரம் எவ்வளவு வலுவானது என்று எல்லாவற்றையும் ஒரே ஆப்பில் தேடப் போனால் நேரம்தான் வீணாகும்.

போனில் இருக்க வேண்டியவை

சிகிச்சை முழுவதையும் பார்க்க அப்டுடேட், டைனமெட், பி.எம்.ஜே. பெஸ்ட் பிராக்டிஸ் ஆகியவற்றில் ஒன்று. மூன்றுக்கும் சந்தா கட்ட வேண்டும். சொந்தக் காசைப் போடும் முன் உங்கள் கல்லூரி நூலகத்தில் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் நிர்வாகமே கட்டியிருக்கும், மாணவர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் தெரிந்திருக்காது. நிறுவனக் கணக்காக இருந்தால் கல்லூரி வளாக நெட்வொர்க்கில் வைத்துப் பதிவு செய்ய வேண்டும். அப்டுடேட்டில் 90 நாளுக்கு ஒருமுறை அந்தத் தொடர்பை உறுதிப்படுத்தாவிட்டால் வெளியிலிருந்து திறக்காது. கிராம ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போஸ்டிங் போவதற்கு முந்தைய நாள் வளாகத்துக்குள் ஒருமுறை லாகின் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

காசு செலவில்லாமல் வேண்டுமென்றால் மருந்து விவரத்துக்கும் மோதலுக்கும் மெட்ஸ்கேப், கணக்குகளுக்கு எம்.டி.கால்க், நம் நாட்டு நடைமுறைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வெளியிட்டிருக்கும் ஸ்டாண்டர்ட் ட்ரீட்மென்ட் வொர்க்ஃப்ளோ ஆப். கடைசியாகச் சொன்னதைப் பலர் கண்டுகொள்வதில்லை. ஒரு நோய்க்கு ஒரே பக்கம்தான். எப்போது மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். ஆன்டிபயாடிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கொண்டுவந்த அவேர் கையேட்டை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இவற்றோடு நம்மூர் பிராண்டு பெயரைத் தட்டினால் உள்ளே இருக்கும் மூலப்பொருளைக் காட்டும் இந்திய மருந்துப் பட்டியல் ஒன்றும் கட்டாயம் வேண்டும். ஏன் என்பது கீழே வருகிறது.

எல்லாம் ஏற்றியபின் ஏரோபிளேன் மோடைப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஒரு மருந்தின் டோஸ் பக்கம் வரை போக முடிகிறதா? பெயர்ப் பட்டியல் மட்டும் வந்து, உள்ளே போனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் ஆஃப்லைன் தரவு இறங்கவில்லை என்று பொருள். செட்டிங்ஸில் அதைத் தனியாக இறக்க வேண்டும். பர்கூர் மலையிலும் தாளவாடியிலும் வால்பாறை எஸ்டேட்டுகளிலும் கொல்லிமலையிலும் சிக்னலை நம்பி உட்கார முடியாது.

டோஸ்: மி.கி.யை எடுங்கள், மி.லி.யை விடுங்கள்

குழந்தைகளுக்கான டோஸில் ஆப் தரும் மி.லி. கணக்கை அப்படியே எழுதவே கூடாது. 12 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 180 மி.கி. அமெரிக்க ஆப் இதை 5.6 மி.லி. என்று காட்டும், ஏனென்றால் அங்கே சிரப் 5 மி.லி.க்கு 160 மி.கி. நம்மூர் மெடிக்கல் கடையில் 120, 125, 250 என்று பலவிதம் இருக்கின்றன. 250 மி.கி. பாட்டிலில் அதே 5.6 மி.லி.யை ஊற்றினால் 280 மி.கி. போய்விடும், அதாவது கிலோவுக்கு 23 மி.கி. சரியான அளவு 3.6 மி.லி. 120 மி.கி. பாட்டில் என்றால் 7.5 மி.லி. 1 மி.லி.க்கு 100 மி.கி. உள்ள டிராப்ஸ் என்றால் 1.8 மி.லி. தான். சீட்டில் மி.கி., பாட்டிலின் அடர்த்தி, மி.லி. மூன்றையும் எழுதிவிட்டால் கடையில் வேறு பாட்டிலைக் கொடுத்தாலும் தவறு கண்ணில் படும்.

பெயரும் மாறும். அசிட்டமினோஃபென் என்றிருந்தால் நம் பாராசிட்டமால், ஆல்புட்டெரால் என்றால் சால்புட்டமால், எபிநெஃப்ரின் என்றால் அட்ரினலின், ரிஃபாம்பின் என்றால் ரிஃபாம்பிசின், கிளைபூரைடு என்றால் கிளைபென்கிளமைடு.

கிரியாட்டினின் ஒன்று, விடை இரண்டு

அதிகம் தடுமாறும் இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். பல்லடம் பக்கம் 70 வயது அம்மா, எடை 42 கிலோ, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தச் சோதனை எண்) 1.1, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற இதயத் துடிப்பு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவராக்சபான் தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லேப் தாளில் அச்சாகி வரும் ஈ.ஜி.எஃப்.ஆர். 2021 சி.கே.டி.-எபி வாய்பாட்டின்படி சுமார் 54. அதைப் பார்த்து 20 மி.கி. எழுதத் தோன்றும். ஆனால் இந்த மருந்தின் டோஸ் காக்கிராஃப்ட்-கால்ட் வாய்பாட்டை வைத்து வகுக்கப்பட்டது. 140-இலிருந்து வயதைக் கழித்து எடையால் பெருக்கினால் 2940. அதை 72 பெருக்கல் 1.1-ஆல் வகுத்தால் 37. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க 32 வரும். 50-க்குக் கீழே இருப்பதால் டோஸ் 15 மி.கி., அதுவும் சாப்பாட்டோடு.

54 எங்கே, 32 எங்கே! லேப் எண் 1.73 சதுர மீட்டர் உடற்பரப்புக்குச் சரிக்கட்டப்பட்டது. 42 கிலோ உடம்பின் பரப்பு அவ்வளவு வராது. மெலிந்த, வயதான, பெண் நோயாளிகளிடம் இந்த இடைவெளி பெரிதாகும், நம் ஓ.பி.யில் வருகிறவர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். மெட்ஃபார்மினுக்கு ஈ.ஜி.எஃப்.ஆர்., ரிவராக்சபான், டாபிகட்ரான், எனாக்சபாரின் போன்றவற்றுக்குக் காக்கிராஃப்ட்-கால்ட். மருந்துப் பக்கத்தில் எந்த எண்ணைக் கேட்கிறது என்று படித்துவிட்டு அதே எண்ணைக் கணக்கிடுங்கள்.

கணக்கிடும்போது அலகைத் தொட்டுப் பாருங்கள். எடைக் கட்டம் பவுண்டில் நின்றிருந்தால் 42 என்பது 19 கிலோ ஆகிவிடும், விடை 14 வரும். கிரியாட்டினின் மைக்ரோமோலில் இருந்தால் 88.4-ஆலும், சர்க்கரை மில்லிமோலில் இருந்தால் 18-ஆலும் கணக்கு மாறும்; 180 மி.கி. என்பது 10 மில்லிமோல். ஒருமுறை செட்டிங்ஸில் மாற்றி வைத்தாலும் அப்டேட்டுக்குப் பிறகு பழையபடி திரும்பிவிடுவதுண்டு.

மோதல் இல்லை என்று வந்தால் நம்பலாமா

நோயாளி ஒரு மஞ்சப்பையை மேசையில் கவிழ்ப்பார். "இந்த வெள்ள மாத்திரை காலைலயும் சாயங்காலமுமுங்க, இந்தச் செவப்பு எதுக்குன்னு தெரியலீங்க." ஸ்ட்ரிப்பைக் கத்தரித்துக் கொடுத்திருப்பதால் பாதிப் பெயர்தான் மிஞ்சியிருக்கும். முதலில் இந்தியப் பட்டியலில் பிராண்டைத் தட்டி மூலப்பொருளை எடுங்கள். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்து இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மோதல் பரிசோதனையில் சேர்க்க வேண்டும்.

சேர்த்து முடித்ததும் எண்ணுங்கள். நீங்கள் ஆறு தட்டி, பட்டியலில் நான்கு நின்றால் இரண்டு பரிசோதிக்கப்படவே இல்லை. "பிரச்சினை இல்லை" என்பதும் "எனக்குத் தெரியாது" என்பதும் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கும். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க அசெனோகுமரால் சாப்பிடுகிற ஒருவருக்கு வயிற்றுப்போக்கென்று ஒஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். அசெனோகுமராலும் ஆர்னிடசோலும் அமெரிக்காவில் விற்பனையில் இல்லை. அங்கத்திய ஆப்புக்கு இரண்டுமே தெரியாமல் போகலாம். அப்போது வார்ஃபரின், மெட்ரோநிடசோல் என்று அதே இனத்தைச் சேர்ந்த மருந்துகளைப் போட்டுப் பாருங்கள். சிவப்பு எச்சரிக்கை உடனே வரும், ஐ.என்.ஆர். (ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் எண்) ஏறும் என்று. எச்சரிக்கைக்கு மட்டுமே இந்த மாற்று வழி. வார்ஃபரின் டோஸை அசெனோகுமராலுக்குப் பொருத்தக் கூடாது. டெனிலிக்ளிப்டின், கிளிக்ளசைடு, சில்னிடிபின், அசிக்ளோஃபெனாக் ஆகியவற்றுக்கும் இதே கவனம் தேவை.

நம் பக்கத்து நோய்கள்

வெளிநாட்டு ஆப்பில் "காய்ச்சல்" என்று தேடினால் ஸ்க்ரப் டைஃபஸ் (உண்ணிக் காய்ச்சல்) பயணிகள் நோயாக எங்கோ அடியில் கிடக்கும். நம் மலையடிவாரத்தில் அது மழைக்கும் பனிக்கும் வழக்கமாக வருகிற நோய். பெயரைச் சொல்லித் தேடுங்கள்; அதற்கு முன் அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில் கருகிய தழும்பு இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பாருங்கள். சாதாரண நிலையில் டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இரண்டு வேளை, கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். தீவிர நிலையில் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று இந்தியாவில் நடத்திய இன்ட்ரெஸ்ட் ஆய்வு 2023-இல் காட்டியது. உங்கள் ஆப்பில் இது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பின் தரத்தை எடைபோட நல்ல சோதனை.

பாம்புக்கடிக்கு அமெரிக்கப் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம். அது அங்கத்திய பாம்புகளுக்கான விஷமுறிவு. நமக்கு நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்குக்கும் சேர்ந்த மருந்து. விஷம் ஏறிய அறிகுறி இருந்தால் தொடக்கம் 10 வயல் (மருந்துக் குப்பி), குழந்தைக்கும் அதே அளவுதான். 20 நிமிட ரத்த உறைவுச் சோதனைக்குச் சுத்தமான, புது, காய்ந்த கண்ணாடிக் குழாய் வேண்டும். பிளாஸ்டிக்கிலோ சோப்பில் கழுவிய குழாயிலோ வைத்தால் நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும்.

தோட்டத்தில் பூச்சிமருந்து குடித்து வருகிறவர்களுக்கு ஆப் அட்ரோபினை மி.கி.யில் சொல்லும், நர்ஸுக்கு ஆம்ப்யூலில் சொல்ல வேண்டும். ஒரு ஆம்ப்யூல் 0.6 மி.கி. 1.8 மி.கி. என்றால் மூன்று. ஐந்து நிமிடத்தில் நெஞ்சு தெளியாவிட்டால் ஆறு, பிறகு பன்னிரண்டு, இருபத்து நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். கண்மணி விரிவதை வைத்து நிறுத்தாதீர்கள், நுரையீரலில் சத்தம் போக வேண்டும். எலி பேஸ்ட் என்றால் அது மஞ்சள் பாஸ்பரஸா என்று டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். முதல் நாள் லிவர் சோதனை சரியாக இருக்கும், ஓரிரு நாள் கழித்துத்தான் ஏறும். "நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

காசநோய்க்கும் தேசியத் திட்டமே வழிகாட்டி. அமெரிக்கப் பக்கம் சிகிச்சையின் பின்பகுதியில் இரண்டு மருந்து சொல்லும். நம் திட்டத்தில் எத்தாம்புட்டாலும் சேர்ந்து மூன்று.

ஆதாரத்தை எடைபோடுவது

அப்டுடேட்டில் பரிந்துரைக்குப் பக்கத்தில் 1ஏ, 2சி என்று இருக்கும். எண் பரிந்துரையின் வலு, எழுத்து ஆதாரத்தின் தரம். 1ஏ என்றால் பெரும்பாலோருக்கும் செய்யலாம். 2சி என்றால் செலவும் நோயாளியின் விருப்பமும் தீர்மானிக்கட்டும். திருப்பூருக்கு வேலைக்குப் போகிறவரை அதற்காக மாதம் இருமுறை வரச்சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் இரண்டு தேதி இருக்கும். "இலக்கியம் பார்த்த தேதி" எப்போதும் புதிதாகவே இருக்கும். அந்தத் தலைப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

"25 சதவீதம் குறைந்தது" என்று படித்தால் எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். 4 சதவீதம் 3 ஆனாலும் அது 25 சதவீதக் குறைவுதான். நூறு பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குப் பலன்.

ஏ.ஐ. ஆப் தரும் சுருக்கத்தை மூலக் கட்டுரைக்குப் போகும் வாசலாக மட்டும் வையுங்கள். டோஸை அதிலிருந்து எழுதாதீர்கள்.

நோயாளி முன்னால்

பேசாமல் போனைப் பார்த்தால் வாட்ஸ்அப் பார்க்கிறார் என்றுதான் நினைப்பார்கள். "உங்க மாத்திர ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதான்னு பாத்துக்கறேனுங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் திறங்கள், திரையைக் காட்டவும் செய்யுங்கள். ஆப்பில் பெயர், போன் எண், ஆதார் எதையும் ஏற்றாதீர்கள்; வயதும் எடையும் போதும். புண்ணைப் படம் எடுத்தால் சம்மதம் கேட்டு எடுங்கள். போன் கேலரி தானாகக் கிளவுடுக்கு ஏறுவதை நிறுத்தி வையுங்கள்.

கேஸ் ஷீட்டில் "காக்கிராஃப்ட்-கால்ட் 32, எடை 42" என்று ஒரு வரி, எந்த ஆப்பில் பார்த்தது, தேதி. அடுத்து பார்க்கிற டாக்டர் உங்கள் முடிவை அந்த வரியிலிருந்தே சரிபார்த்துக்கொள்ளலாம். மருந்தால் எதிர்பாராத விளைவு வந்தால் மருந்துப் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் தேசியத் திட்டத்தின் ஏ.டி.ஆர். பி.வி.பி.ஐ. ஆப்பிலோ 1800-180-3024 என்ற இலவச எண்ணிலோ அன்றைக்கே தெரிவித்துவிடுங்கள். ஆப்களில் இந்திய நோயாளிகளின் தரவு குறைவாக இருப்பதற்கு நாம் எழுதி அனுப்பாததும் ஒரு காரணம்.