ஜவுளிக்கடையில் வேலை, வீட்டில் கைக்குழந்தை: முதலாளி செய்யவேண்டியது

வலங்கைமானிலோ பாபநாசத்திலோ காலை எட்டரைக்கு பஸ் ஏறி, கும்பகோணம் ஜவுளிக்கடைக்கு வேலைக்கு வரும் பெண் வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். அத்தனை நேரமும் பால் எடுக்காமலிருந்தால் மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், காய்ச்சல்கூட வரும். நாலு நாள் இப்படியே போனால் சுரப்பும் குறையும். எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும். அதனால் முதலில் நேரம் ஒதுக்குங்கள், அறை அப்புறம்.

1. நேரம்

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, அதாவது 11, 2, 5 மணிக்கு. கரண்ட் பம்ப் என்றால் 15 முதல் 20 நிமிடம், கையால் பீய்ச்சினால் அரை மணி. கழுவித் துடைக்க இன்னும் பத்து நிமிடம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, சாப்பாட்டு இடைவேளை போக நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படியே உண்டு. 50 பேர் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் வேண்டும்.

முகூர்த்த நாளில்தான் இது உடையும். கவுன்டரில் கூட்டம், "அப்புறம் போம்மா" என்பார் சூப்பர்வைசர். அந்த அரை மணி யார் கவுன்டரைப் பார்ப்பது என்று முந்தின நாளே எழுதி ஒட்டிவிடுங்கள்.

2. இடம்

ஆறுக்கு ஐந்தடி போதும். உள்தாழ்ப்பாள், ஃபேன், கைவைத்த நாற்காலி, சின்ன மேசை, பிளக் பாயின்ட். கழிப்பறை கணக்கில் வராது. டிரையல் ரூமும் வேண்டாம், ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் கதவைத் தட்டுவார். ஸ்டாக் ரூமை ஒதுக்கினால் அங்குள்ள கேமராவைக் கழற்றியே விடுங்கள். துணி போட்டு மூடினால் நம்பி உட்கார முடியாது. சாவி கல்லாவில் இருந்தால் பத்துப் பேர் முன்னால் "அண்ணே, சாவி" என்று கேட்கக் கூச்சப்பட்டு, அவர் போகாமலே இருந்துவிடுவார். ஒரு சாவி அவர் கையிலேயே இருக்கட்டும்.

3. பாலைப் பாதுகாப்பது

எடுத்த பால் வெளியே 4 மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி வரைக்கும்தான். சித்திரை வெயிலில் தஞ்சாவூர்ப் பக்கம் அந்தக் கணக்கு செல்லாது, எடுத்தவுடன் ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும். 4 டிகிரி குளிரில் நாலு நாள் கெடாது. கதவுத் தட்டில் வைக்கக்கூடாது. திறக்கத் திறக்கச் சூடேறும், உள்ளே பின்பக்கம் வையுங்கள். டீக்குப் பால் வைக்கும் அதே ஃபிரிட்ஜ் என்றால் தனி டப்பாவுக்குள், பெயர், தேதி, நேரம் எழுதி. (எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை!) பாட்டிலுக்கு 60 முதல் 120 மில்லி போதும், குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்துக் கொடுக்கக்கூடாது. மேலே ஏடு ஒதுங்கினால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

கரண்ட் போகும் ஊர், பஸ் பயணம் வேறு. நன்றாக உறைந்த ஐஸ் பேக் போட்ட பெட்டியில் ஒரு நாள் தாங்கும். கடை செலவில் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

பம்ப்பைக் கழுவத் தனி பேசின் வேண்டும். டீ டம்ளர் கழுவும் தொட்டியில் போடக்கூடாது.

வீடு பக்கத்துத் தெருவிலேயே இருந்தால் பம்ப்பே தேவைப்படாது. இடைவேளைக்கு அப்பாயியோ அம்மாச்சியோ குழந்தையைத் தூக்கிவருவார். வாசலில் நிறுத்தி வைக்காமல் உள்ளே விடும்படி வாட்ச்மேனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.