வன்னி மேட்டுக்காணியில் பழங்காலக் குடில் தடத்தைக் கண்டு பதிவது எப்படி

இங்கிலாந்தின் டார்ட்மூரில் வெண்கலக் காலக் குடில்களின் அடிச்சுவர்கள் கல்வட்டங்களாக இன்றும் தெரிகின்றன. அதே கண்ணோடு இலங்கையின் வன்னியில் தேடினால் ஒன்றும் அகப்படாது. இங்கே தடியும் களிமண்ணுமாகக் கட்டியதைக் கறையானும் மாரியும் கொண்டுபோய்விட்டன. கம்பக்குழி (குடிலின் கம்பம் நட்ட குழி), வெந்த மண், மட்பாண்ட ஓட்டுத்துண்டு ஆகியவைதான் மிஞ்சும்.

முதலில் பாதுகாப்பு. மிதிவெடி அகற்றி முடிந்ததாக உறுதியான காணியில் மட்டும் இறங்குங்கள். பனங்குற்றியோ சன்னக் கோதோ மண்மூட்டையோ கண்ணில் பட்டால் அது போர்க்காலப் பங்கர்க் குழி. வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

காலபோக (மாரிகால நெற்செய்கை) உழவு முடிந்து முதல் மழை மண்ணைக் கழுவிய கிழமைதான் நல்ல தருணம். குளத்தை அண்டிய செம்மண் மேடுகளைப் பாருங்கள். காலையிலும் மாலையிலும் சரிவு வெயிலில் சிறு மேடுபள்ளமும் நிழல் காட்டும்.

கறுப்பு சிவப்பு ஓடு இருக்கிறதா என்று பாருங்கள். உட்புறமும் விளிம்பும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. கவிழ்த்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் போகாமல் கறுத்தது. இது இரும்புக் காலத்துச் சாமான்; புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பில் இறந்தோரைப் புதைத்த ஈமத்தாழிகளோடும் கிடைத்தது. பக்கத்தில் இரும்புக் கிட்டம் (இரும்பு உருக்கிய கழிவு) கிடந்தால் இன்னும் நல்லது. வெள்ளைக்கல் (குவார்ட்ஸ்) சில்லுகள் மட்டும் கிடந்தால் காலம் அதற்கும் முந்தியதாக இருக்கலாம். இரணைமடுவின் பெயரைத் தாங்கிய செம்மண் படிவத்தின் அடியிலுள்ள பரல்கல் அடுக்கில் கல்லாயுதங்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் வெள்ளைக்கல் தானாகவும் உடையும். ஒரே ஓரத்தில் சிறு செதுக்குகள் வரிசையாக இருந்தால்தான் கணக்கில் எடுங்கள்.

வெந்த மண்கட்டியைப் புரட்டிப் பாருங்கள். வரிச்சு (சுவருக்குள் கட்டிய தடி) பதிந்த தவாளிப்பு இருந்தால் அது சுவர் மண். தேனடைபோல உள்ளே துளை துளையாக இருந்தால் எரிந்த புற்று. அனேகமானோர் ஏமாறுவது இங்கேதான். குடில் தடத்தைப்போலவே சூடு மிதித்த களமும் (நெற்கதிர் மிதித்த இடம்) வட்டமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே அடுப்படி மண் இராது.

கம்பக்குழி பார்க்கவென்று மண்வெட்டி போடக் கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றி அகழ்வது குற்றம். அகழ்ந்த மண்ணைத் திரும்பவும் அடுக்கவும் முடியாது. கிணறு, கிரவல் வெட்டு, வாய்க்கால் ஆகியவற்றின் வெட்டுமுகத்தைப் பார்த்தாலே போதும். கம்பக்குழியின் பக்கங்கள் நேராக இறங்கும், உள்மண் கருமையாக இருக்கும், சிலவேளை இறுக்கிய கல்லும் தெரியும். வேர்க்குழி கிளைவிட்டு ஒடுங்கும்.

அளக்க இரண்டு பேர் வேண்டும். தடம் வட்டமாகத் தெரிந்தால் அதன் நடுவில் சிறு கல் வைத்து, 30 பாகைக்கு ஒன்றாக 12 திசைகளில் உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் நாடா பிடியுங்கள். மோட்டார் சைக்கிளும் மண்வெட்டியும் திசைகாட்டியை இழுக்கும், தள்ளி வையுங்கள். போன் காட்டும் ஜீபிஎஸ் புள்ளி சில மீற்றர் பிசகும் என்பதால், குளத்துத் துருசு (மதகு), கட்டுக்கிணறு என்று அசையாத இரண்டு இடங்களிலிருந்தும் தூரம் எடுங்கள். பின்பு 1 மீற்றர் சதுரக் கயிறு போட்டு, வட்டத்துக்குள் நாலு இடம், வெளியே நாலு இடம் ஓடுகளை எண்ணுங்கள். அளவுகோல் வைத்துப் படமெடுத்து, ஒவ்வொரு ஓட்டையும் கிடந்த இடத்திலேயே விடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோன ஓடு எந்தக் குடிலுடையது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கிராம அலுவலர் மூலமோ நேராகவோ தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். காணி போய்விடுமோ என்ற பயம் எங்கள் பக்கத்தில் நியாயமானது. ஆகவே அளக்க முன்னரே காணிக்காரரின் சம்மதத்தைக் கேளுங்கள். வரைபடத்திலும் கடிதத்திலும் ஒவ்வொரு பிரதியைத் திகதியிட்டு அவர் கையிலும் கொடுங்கள்.